ஓட்டிக் காட்டுகிற கடை

சாவி வெட்டிக் கொடுப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் ஒருவர்கூட என்னிடம், வீட்டுக்கு வந்து நீயே பூட்டைத் திறந்து காட்டு, அப்புறம்தான் சாவியை வாங்கிக்கொள்வேன் என்று சொன்னதில்லை. தையல்காரரிடம் யாரும் சட்டையைப் போட்டுக் காட்டச் சொல்வதில்லை. பல் டாக்டரைப் பார்த்து, கட்டிய பல்லை முதலில் நீங்கள் மாட்டிக் கடித்துக் காட்டுங்கள் என்று கேட்க எவருக்கும் துணிச்சல் கிடையாது. ஆனால் என் கடைக்கு நேர் எதிரே இருக்கும் சைக்கிள் கடையில் மட்டும் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. பழுது பார்த்த வண்டியைக் கடைக்காரரே ஒரு சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். ஓட்டிவிட்டு விழாமல் திரும்பி வந்தால்தான் வாடிக்கையாளர் கைநீட்டி வண்டியை வாங்குவார்.

அதனால் அவருக்கு 'ரவுண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அண்ணன் என்பேன். அவர் மனைவியை அண்ணி என்பேன். சொந்தமெல்லாம் ஒன்றுமில்லை. எதிரெதிரே கடை போட்டுக்கொண்டு பகல் முழுவதும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தால் ஏதாவது ஒரு முறை வைத்துத்தானே கூப்பிட வேண்டும்.

அந்தச் சுற்றுக்கு ஒரு பாதை உண்டு. கடையிலிருந்து புறப்பட்டு, மருந்துக்கடையைத் தாண்டி, மின்கம்பத்தில் இடதுபக்கம் திரும்ப வேண்டும். பள்ளிக்கூடத்தின் பின்சுவரை ஒட்டிப் போய், மறுபடி இடதுபக்கம் திரும்பி, சலவைக்கடைச் சந்து வழியாகக் கடைக்கு வந்து சேர வேண்டும். வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று, போகிறவரின் முதுகையும் பின்சக்கரத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வரும்போது முகத்தையும் முன்சக்கரத்தையும் பார்ப்பார்கள். பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள்கூட அவ்வளவு உன்னிப்பாகப் பார்க்க மாட்டார்கள்.

ஆனால் அந்தக் கடையில் உண்மையான வேலை செய்தது அண்ணிதான். கல்யாணமான புதிதில் அண்ணனின் கட்டைவிரல் செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கியது. கடையை மூட முடியாது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல, அண்ணி கையால் செய்தார். விரல் ஆறியது. ஆனால் அதற்குள் அண்ணியின் கைக்கு வேலை ருசித்துவிட்டது. முக்கியமாக வீல் பெண்டு எடுப்பது. கம்பிகளை ஒவ்வொன்றாக முடுக்கியும் தளர்த்தியும் கோணிய சக்கரத்தை நேராக்கும் வேலை அது. அதற்கு வலு தேவையில்லை, பொறுமை வேண்டும். அண்ணனுக்கு வலு இருந்தது. மற்றதைப் பற்றிப் போகப் போகச் சொல்கிறேன்.

கடைக்குப் பின்னால் இரண்டு அறை, அதுதான் வீடு. நடுவில் ஒரு கதவு. காலையில் அந்தக் கதவைத் திறந்துகொண்டு அண்ணி கடைக்குள் வருவார், சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொள்வார், அவ்வளவுதான். உத்தரத்தில் இரண்டு கொக்கிகளில் தொங்கும் சைக்கிளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் அந்த இடம் அவருடையது. அங்கே நிற்கும்போது அவர் முகத்தில் ஒரு அமைதி தெரியும். சமையலறையில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கடை போனாலும் பரவாயில்லை, அந்த இடம் போகக்கூடாது என்று நினைத்தவர் அவர். என்னிடம் வாய்விட்டே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

ஓட்டிக் காட்டுகிற வழக்கம் எப்படி வந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தவன். ஒருநாள் ஒருவர் தன் மகளின் சைக்கிளை எடுக்க வந்தார். அண்ணி பிரேக் கட்டையை முடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. பிள்ளை ரோட்டில் போகிற வண்டி, பொம்பளை கையை நம்பி எப்படி அனுப்புவது என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டார். அண்ணி அங்கே இல்லாதது மாதிரிதான் பேச்சு. அண்ணனுக்கு அன்றைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சைக்கிளை அண்ணி கையிலிருந்து வாங்கினார்.

"நீங்களும் ஏற வேணாம், உங்க பொண்ணும் ஏற வேணாம். முதல்ல நான் ஏறுறேன். விழுந்தா நான் விழுறேன். இவ கை பட்ட வண்டியில நான் கண்ண மூடிக்கிட்டுப் போவேன்."

சொன்னபடியே மின்கம்பத்துத் திருப்பத்தில் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரும்பினார். தெருவே பார்த்தது. அண்ணி ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், முகம் சிவந்து போயிருந்தது. ஒரு மனிதன் தன் மனைவியைப் பற்றி நாலு பேர் முன்னால் இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்? எனக்கே பொறாமையாக இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன். நீங்களும் இருக்கீங்களே என்று ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் வாடிக்கையாளன் என்கிற பிறவியிடம் ஒரு நல்லதைச் செய்துவிட்டால் அது மறுநாள் உரிமையாகிவிடும். அவருக்கு ஓட்டிக் காட்டினாயே, எனக்கு மாட்டாயா என்று இன்னொருவர் கேட்டார். அப்புறம் இன்னொருவர். பஞ்சர் ஒட்டினாலும் ஒரு சுற்று, மணி மாற்றினாலும் ஒரு சுற்று. காற்றடிக்க மட்டும் வந்தவர்கூட, ஒரு எட்டு போய்ப் பார்த்துடுங்களேன் என்று நிற்பார். வேலை முடிந்ததும் அண்ணி வண்டியைக் கொக்கியிலிருந்து இறக்கி வாசலில் நிறுத்தி, உள்ளே திரும்பி, "என்னங்க, கஸ்டமர் காத்திருக்காங்க" என்பார். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஏறுவார்.

இந்தக் கூட்டத்துக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார். ஏதோ ஒரு அலுவலகத்தில் வருகிறவர்களின் குறைகளைக் கேட்கும் இருக்கையில் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலமெல்லாம் கேட்டு வைத்த குறைகளை மிச்ச ஆயுளில் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவது என்று தீர்மானித்தவர் போல இருப்பார். தெருவில் 'புகார்' என்றுதான் அவருக்குப் பெயர். அவர் சைக்கிள் ஒரு பழைய கறுப்பு வண்டி, அவரைவிடக் கனம். வாரம் தவறாமல் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். உட்கார ஸ்டூல் ஆடுகிறது என்பார். தொட்டித் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்பார், ஏதோ அவர் குடிக்கப் போகிறவர் மாதிரி. அண்ணன் சுற்று முடித்து வந்தால், போன தடவை கொஞ்சம் வேகமாகப் போனாயே, இப்போது ஏன் மெதுவாகப் போகிறாய், வண்டி இழுக்கிறதா என்பார்.

வண்டி இழுக்கவில்லை. அண்ணனுக்குத் தலை சுற்றியது. காதுக்குள் ஏதோ கோளாறு. படுக்கையிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். தலையைச் சடாரென்று இடதுபக்கம் திருப்பினால் தெரு முழுவதும் கிறுகிறுவென்று சாய்ந்து போகும். வெளியே மூச்சு விடவில்லை. அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா? அண்ணி சொன்னதால்தான் எனக்கே தெரியும். டாக்டரைப் பாருங்கள் என்று அண்ணி கெஞ்சினார், கேட்கவில்லை. ஓட்டிக் காட்டுவதை நிறுத்திவிடலாம் என்றார், கஸ்டமர் போய்விடுவான் என்றார் அண்ணன். அப்படியானால் நான் ஓட்டப் பழகிக்கொள்கிறேன், நானே சுற்றி வருகிறேன் என்றார் அண்ணி.

ஆமாம், அண்ணிக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. ஊரில் பாதிப் பேரின் சக்கரத்தை நேராக்கியவர் ஒருநாளும் சீட்டில் உட்கார்ந்ததில்லை. புதிதாக வந்தபோது கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாராம். நீ செய், நான் ஓட்டுறேன் என்று சிரித்தாராம் அண்ணன். இப்போது மறுபடி கேட்டதற்கு அவர் சிரிக்கவில்லை. இந்த வயதில் நீ ஏறிக் கீழே விழுவதை நாலு பேர் வேடிக்கை பார்க்க வேண்டுமா என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

விழுந்தது அவர்தான். சாயங்கால நேரம், வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். புகாரின் கறுப்பு வண்டி. அண்ணி முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே உருளும் பால்ரஸ் குண்டுகளை மாற்றி, கிரீஸ் வைத்து, நட்டை முடுக்கிக் கொடுத்திருந்தார். அண்ணன் ஏறிப் போனார். மருந்துக்கடை தாண்டும்வரை நேராகத்தான் போனார். மின்கம்பத்தில் தலையைத் திருப்பினார். வண்டி இடதுபக்கம் போக, அவர் வலதுபக்கம் போனார். முழங்காலும் முழங்கையும் உரிந்து போயின. எழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

யாரும் அடிபட்டதா என்று கேட்கவில்லை. புகார் தன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, நீ பழுது பார்த்த வண்டியில் நீயே விழுந்தால் நாங்கள் என்ன ஆவோம் என்று கேட்டார். மற்றவர்கள் தங்கள் தங்கள் வண்டியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குத் தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் இனி ஓட்டிக் காட்ட ஆளில்லை. வழக்கம் போய்விடும், வழக்கத்தோடு கூட்டமும் போய்விடும் என்று பயந்தார். அதற்கும் மேலே, ரவுண்டு என்று பெயர் வாங்கிவிட்டுத் தலை சுற்றுகிறது என்று எப்படிச் சொல்வது? அவர் திரும்பி அண்ணியைப் பார்த்தார்.

"முன் சக்கரம் லூஸா இருந்துச்சு. இவ சரியா முடுக்கல போல."

நான் என் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.  அண்ணி ஸ்பேனரோடு வந்து, குனிந்து, அந்த நட்டில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். இம்மிகூட அசையவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று இன்னொருமுறை திருப்பினார். எவரும் நட்டைப் பார்க்கவில்லை. பொம்பளை கையில் கொடுத்தால் இப்படித்தான், நான் அன்றைக்கே சொன்னேன் என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. சொன்னவர் வேறு ஒருவர். ஆனால் ஒரு பெண்ணைக் குறை சொல்லும் இடத்தில் நான்தான் முதலில் சொன்னேன் என்று துண்டு போட எப்போதும் ஆள் இருக்கும்.

அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுப் பாடினார்கள். அண்ணே, என் வண்டியை நீங்களே பார்த்துடுங்க. அண்ணி காதுபடவே சொன்னார்கள். கொஞ்ச நாளைக்குக் கடைப்பக்கம் வராதே, ஆறிவிடும் என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னார். நடுக்கதவைச் சாத்தினார். சாத்தியதோடு விடாமல் டயர்க் கட்டு ஒன்றைத் தூக்கிக் கதவின் மேல் சாய்த்து வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பூட்டுப் போட்டிருந்தால்கூட எனக்குத் தொழில் ரீதியாக ஒரு மரியாதை இருந்திருக்கும்.

அண்ணி சமையலறையில் இருந்தபடியே கடையைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பக்கமாகச் சுற்றி என் மனைவியைப் பார்க்க வரும்போது சொல்வார், கம்பியைத் தட்டும் சத்தத்தை வைத்தே தெரிகிறதாம், ஒருபக்கம் அளவுக்கு மீறி முடுக்குகிறாராம், இரண்டு நாளில் ரிம் கோணி எட்டுப் போடும் என்று. போட்டது. அண்ணன் பெண்டு எடுப்பதை விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அவர் நேராக்கிக் கொடுத்த சக்கரங்கள் பிரேக் கட்டையில் உரசிக்கொண்டே போயின. போனவர்கள் போன வேகத்தில் திரும்பி வந்தார்கள். சுற்றையும் அவர் சுருக்கிவிட்டார். மின்கம்பம்வரை போவார், இறங்குவார், வண்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்த வழியே வருவார். ஒரு ரவுண்டு என்றால் முழு ரவுண்டு, பாதியில் திரும்புகிறதற்குப் பெயர் ரவுண்டா என்று புகார் விரலை ஆட்டினார். மனிதர் ஆயுளில் சொன்ன ஒரே நியாயமான புகார் அதுதான்.

பேப்பர் ஏஜெண்டின் ஆட்கள் ஓட்டும் சைக்கிள் எல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். கடை நடந்ததே அதை வைத்துத்தான். ஒருநாள் அவரே நேரில் வந்து, நாளைக்கும் இப்படிச் சக்கரம் உரசினால் மேட்டுத் தெருக் கடைக்குப் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் டயர்க் கட்டை நகர்த்திக் கதவைத் திறந்தார்.

உள்ளே நடந்த பேச்சை அண்ணி எனக்கு அப்படியே சொன்னார். நாளையிலிருந்து வா என்று அண்ணன் கூப்பிட்டிருக்கிறார், ஏதோ வரத்தைத் தூக்கிக் கொடுக்கிற தோரணையில். அண்ணி ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு வண்டி சரியாகத்தான் இருந்தது என்று அன்றைக்கு நின்றவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். தலை சுற்றுவதைக்கூடச் சொல்ல வேண்டாம், வண்டி சரி என்று மட்டும் சொன்னால் போதும். அண்ணன் ஒத்துக்கொண்டார். சத்தியம் செய்யாத குறைதான்.

மறுநாள் காலை அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைக்குள் வந்தார். கொக்கியில் முதலில் மாட்டியது புகாரின் வண்டியை. அண்ணன் கோணலாக்கி வைத்திருந்த சக்கரத்தின் கம்பிகள் அத்தனையையும் தளர்த்தி, முதலிலிருந்து ஆரம்பித்தார். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவ்வப்போது சக்கரத்தைச் சுழலவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். மத்தியானம் நான் போய் எட்டிப் பார்த்தபோது லேசாகச் சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் கூட்டம் சேர்ந்தது. பேப்பர் ஏஜெண்ட் வந்திருந்தார். புகார் ஸ்டூலில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நின்ற முகங்கள் பெரும்பாலும் இருந்தன. அண்ணி கறுப்பு வண்டியை இறக்கி வாசலில் நிறுத்தினார். துணியால் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தார். மறுபடியும் இந்த அம்மாவா செய்தது என்று புகார் கேட்டார். அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இனிமே பயம் இல்ல. எப்படி முடுக்கணும்னு பக்கத்துல உக்காந்து நான் சொல்லிக் குடுத்துட்டேன். பழைய தப்பு இனி வராது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாலைந்து பேர் கூடச் சிரித்தார்கள். சமாளித்துவிட்டோம் என்கிற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்த முகத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அண்ணியை நிமிர்ந்து பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் அவர் குரல் கேட்டது, எப்போதும் போல, கொஞ்சமும் உயராமல்.

"என்னங்க, கஸ்டமர் காத்திருக்காங்க. ஓட்டிக் காட்டுங்க."

அண்ணன் திரும்பிப் பார்த்தார். அண்ணி வண்டியின் கைப்பிடியை அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"முழு ரவுண்டு. நீங்க சொல்லிக் குடுத்து நான் செஞ்ச வண்டி விழாதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

ஆமாமாம், முழு ரவுண்டு என்றார் புகார். அண்ணனுக்கு அப்போதும் ஒரு வழி இருந்தது. தலை சுற்றுகிறது என்று சொல்லியிருக்கலாம். வண்டி அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, என்னால்தான் முடியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற வார்த்தைதான் அது. அண்ணியும் அதற்காகத்தான் கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றார் என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன். அண்ணன் கைப்பிடியை வாங்கி ஏறிவிட்டார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதைவிட எலும்பு போனாலும் தேவலை என்று நினைத்தார் போலிருக்கிறது.

எலும்பு போனது. அதே மின்கம்பம், அதே திருப்பம். இந்த முறை மருந்துக்கடைப் படியின் விளிம்பில் இடுப்பு அடிபட்டது. நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். பின்னால் எல்லோரும் வந்தார்கள். அண்ணி ஓடவில்லை, நடந்து வந்தார். தரையில் கிடந்து முனகும் அண்ணனைத் தாண்டிப் போனார். வண்டியைத் தூக்கி நிறுத்தினார். முன்பக்கத்தை ஒரு கையால் உயர்த்திப் பிடித்து, சக்கரத்தைச் சுழலவிட்டார். அது ஒரு கோடு போல, எந்தப் பக்கமும் ஆடாமல், சத்தமில்லாமல் சுழன்றது. தானாக நிற்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம்தான் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அண்ணனிடம் குனிந்தார். மட்கார்டில் கோடு விழுந்துவிட்டதே, இதற்கு யார் பொறுப்பு என்று புகார் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டார்.  தலை சுற்றல் ரொம்ப நாளாக இருக்கிறது என்று அண்ணிதான் சொன்னார். இதை வைத்துக்கொண்டா சைக்கிள் ஏறினீர்கள், கூட இருக்கிறவர்கள் தடுக்க மாட்டீர்களா என்று டாக்டர் பொதுவாக எல்லோரையும் திட்டிவிட்டுப் போனார். இடுப்பு எலும்பு கூடினாலும் இனி கோல் ஊன்றித்தான் நடக்க வேண்டும், சைக்கிளை மறந்துவிட வேண்டும் என்றார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அண்ணன் மேலே மின்விசிறியைப் பார்த்தபடி கேட்டார்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஏறச் சொன்ன?"

அண்ணி போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் என் மேல பழியப் போட்டீங்க?"

 என்னைப் பார்த்து ஆளுக்கொரு தடவை நீ கிளம்பு என்றார்கள்.

கடையை அண்ணி திறந்தார். பொம்பளை கை என்று யாரும் இப்போது வாயைத் திறக்கவில்லை. மேட்டுத் தெருவரைக்கும் வண்டியைத் தள்ள யாருக்கும் கால் வரவில்லை, அதுதான் காரணம், வேறு ஞானோதயம் ஒன்றும் இல்லை. அண்ணன் வீடு திரும்பியதும் அவருக்கு வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். முதலில் வந்தவர் புகார்தான். வண்டி தயாராக நின்றது. யார் ஓட்டிக் காட்டுவது என்று கேட்டார். அண்ணி கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவரு சொல்லுவாரு."

அண்ணன் தெருவைப் பார்த்தார். கோலின் நுனியைப் பார்த்தார். என்னைக்கூடப் பார்த்தார். அண்ணி அவசரப்படவில்லை. சக்கரத்துக் கம்பிகளோடு பொழுதைக் கழித்தவருக்குக் காத்திருப்பது ஒரு பெரிய காரியமா? கடைசியில் அண்ணன் சொன்னார்.

"வண்டி சரியா இருக்கு. அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் தலை சுத்தும்."

அண்ணி கைப்பிடியை விட்டார். என் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அடுத்த ஆளுக்கும் அண்ணி கைப்பிடியை விடவில்லை. அதற்கடுத்த ஆளுக்கும். அன்றைக்கு அங்கே நிற்காதவர்களுக்கும், ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், மணி மாற்ற வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அண்ணன் அதே மூன்று வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் வண்டி கைக்கு வரும். முதலில் ரோஷத்தோடு சொன்னார். அப்புறம் கெஞ்சுகிற குரலில் சொன்னார். அப்புறம் குரலில் ஒன்றுமே இல்லாமல் சொன்னார்.

போதும் அண்ணி, மனுஷன் செத்துப்போவார் என்று ஒருநாள் நானே போய்ச் சொன்னேன். அவர் நிமிராமல் கம்பியை முடுக்கிக்கொண்டே, ஒருத்தன்கிட்ட என்னைக் குறை சொன்னா அவன் ஒம்பது பேர்கிட்ட சொல்லியிருப்பான் தம்பி, அத்தனை பேருக்கும் போய்ச் சேர வேண்டாமா என்று கேட்டார்.  நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

வாடிக்கையாளர்களுக்கு என்ன குறை? ஓட்டிக் காட்டுகிற கடை சொல்லிக் காட்டுகிற கடையாகிவிட்டது. சிலர் கூட ஒரு நண்பரை அழைத்து வந்தார்கள். சொல்லப் போகிறார் பார் என்று முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் தெருவில் விளையாடும்போது, எனக்குத்தான் தலை சுத்தும் என்று கத்திக்கொண்டே சுற்றிச் சுற்றி விழுந்தார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அண்ணன் முதல்நாள் இரவு முழுவதும் வலியில் தூங்கவில்லை. மாத்திரை போட்டுக்கொண்டு நாற்காலியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். வாய் திறந்திருந்தது, கோல் மடியில் கிடந்தது. புகார் வண்டியை எடுக்க வந்தார். அண்ணி வண்டியை இறக்கி வாசலில் நிறுத்தி, அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பழைய பார்வை, மின்கம்பத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனவரைப் பார்த்த பார்வை. அண்ணி கைப்பிடியை விட்டுவிட்டார்.

"தூங்குறாரு. இன்னைக்கு அப்படியே எடுத்துட்டுப் போங்க சார்."

புகார் வண்டியைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது எப்படி, எல்லோருக்கும் சொல்கிறவர் எனக்கு மட்டும் சொல்லாமல் விட்டால் என்ன அர்த்தம், வண்டியில் ஏதோ குறை இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்டார். பக்கத்தில் காத்திருந்த இரண்டு பேரும் அதுவும் சரிதான் என்று தலையாட்டினார்கள். வண்டி நன்றாக இருக்கிறது, நான் சொல்கிறேனே என்றார் அண்ணி. நீ சொன்னால் ஆச்சா என்றார் புகார்.

அண்ணி வாடிக்கையாளர்களைப் பார்த்தார். கொக்கிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இருக்கும் தன் இடத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் நாற்காலியிடம் போய், அண்ணனின் தோளைத் தொட்டார்.

"என்னங்க, கஸ்டமர் காத்திருக்காங்க."

அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. வாய் மட்டும் அசைந்தது. வண்டி சரியா இருக்கு, அன்னிக்கும் சரியாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் தலை சுத்தும் என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தார். கடைவாயில் எச்சில் வழிந்தது. அண்ணி கிரீஸ் துணி இல்லாத கையால் அதைத் துடைத்துவிட்டார்.

புகார் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பெடலில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, அடுத்த தடவை கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொல்லும்மா, ஒன்றும் காதில் விழவில்லை என்றார்.